குப்புறப் படுத்துக் கேட்ட படங்கள்

என் கடைக்கு வரும் படங்களில் பாதி சாமிகள், மீதிப் பாதி காலமானவர்கள். கல்யாண ஜோடிகள் இப்போதெல்லாம் கம்மி. அவர்கள் ஃபோனுக்குள்ளேயே குடித்தனம் நடத்திக்கொள்கிறார்கள். செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, ஃபிரேம் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி அறுப்பது, சட்டம் வெட்டுவது, ஆணி அடிப்பது எல்லாம் நான்தான். தனி ஆள். கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் வீடு.

அந்த அறைச் சுவரில் நான் எனக்காக மாட்டிக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். பக்கத்து லாட்ஜில் பல மாதம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா ஊருக்குக் கிளம்பும்போது, முதுகு பிய்ந்த தடிப்புத்தகம் ஒன்றைக் கடையில் வைத்துவிட்டுப் போனார். குகைக் காலத்திலிருந்து நேற்றுவரை உலகத்தில் வரைந்தது, செதுக்கியது எல்லாம் அதில் இருந்தது. என் இங்கிலீஷுக்கு எழுத்தில் பாதிதான் புரிந்தது. படங்களுக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. மத்தியானம் வெயிலில் ஆள் வராத நேரத்தில் அதைப் புரட்டிப் புரட்டியே எனக்குப் பார்க்கத் தெரிந்தது என்று சொல்வேன். அதற்கு முன் எங்கள் ஊர்க் கோயில் ராஜகோபுர வாசலில் எத்தனையோ முறை நுழைந்திருக்கிறேன். இரண்டு பக்கச் சுவரிலும் கல்லில் ஆடிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னப் பெண்களை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. செருப்பு பத்திரமாக இருக்குமா என்ற கவலையோடேயே போய் வந்திருக்கிறேன்.

கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நான்கு பக்கங்களை அறுத்தெடுத்து, மிச்சம் விழுந்த சட்டங்களில் ஃபிரேம் போட்டேன். ஒன்றுக்கொன்று நிறம் சேராது. வாடிக்கையாளர் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன்.

போன வருஷம் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தபோது வலது கண் ஓரத்தில் கொசு பறந்தது. கையால் தட்டினேன், போகவில்லை. சாயங்காலத்துக்குள் கீழேயிருந்து கறுப்பாக ஏதோ ஏற ஆரம்பித்தது. எனக்கு இடது கண் பிறந்ததிலிருந்தே மங்கல். ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. வலது கண் ஒன்றை வைத்துத்தான் இத்தனை வருஷ வண்டி ஓடியது. புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். மறுநாளே ஆபரேஷன். கண்ணுக்குள் வாயுவை ஏற்றினார்கள். அது மேலே எழும்பித் திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம், அதனால் நான் இரண்டு வாரம் குப்புறவே கிடக்க வேண்டும். சாப்பிடுவதும் குனிந்துதான், தூங்குவதும் குப்புறத்தான்.

"திரும்பக் கறுப்பா திரை மாதிரி வந்தாலும் சரி, செவப்பா புள்ளி தெரிஞ்சாலும் சரி, தள்ளிப்போடாம உடனே வந்துடுங்க. இன்னொரு தடவ கழண்டுச்சுன்னா சரி பண்றது கஷ்டங்க" என்றார் டாக்டர்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து என் தங்கை வந்து சேர்ந்தாள். அங்கே பால் சொசைட்டியில் பால் அளக்கிற வேலை அவளுக்கு. லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்காரரைக் குழந்தைகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள். அவள் வாய் சும்மா இருக்காது. சாதாரண நாளில் அரைமணிக்கு மேல் என்னால் தாங்க முடியாது. அந்த இரண்டு வாரமும் அந்த வாய்தான் எனக்குக் கண்ணாக இருந்தது.

மூன்றாம் நாளோ என்னவோ, எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கண் போனால் கடை போகும், அது தெரிந்ததுதான். அதைவிட, சுவரில் இருந்த படங்கள் மனசுக்குள் கலைய ஆரம்பித்திருந்தன. ஒரு படத்தில் பால் ஊற்றும் பெண்ணின் முந்தானை நீலமா பச்சையா என்று யோசித்து யோசித்து, தெரியாமல், தலையணைக்குள் அழுதேன். தங்கை பதறிப்போய் என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"இதுக்காக்கா அழுவுற? இரு, நான் பாத்துச் சொல்றேன்." சுவருக்கு எதிரே போய் நின்றாள். "இடுப்புல கட்டியிருக்கறது நீலம். மேல ஜாக்கெட் மஞ்ச. முந்தானயெல்லாம் இல்ல, வேட்டி மாதிரி ஒரு துணிய முன்னாடி கட்டிக்கினு இருக்கா. ஜக்குலேர்ந்து பால ஊத்துறா. ஏங்கா, இது எப்பத்தான் ஊத்தி முடியும்? எங்க சொசைட்டில இவ இந்த மாதிரி ஊத்துனா வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குப்புறப் படுத்துச் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்ததே அவள் அவசரப்படாததால்தான். ஐரோப்பாவில் எந்தக் காலத்திலோ, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, வேறெதையும் நினைக்காமல் பால் ஊற்றுகிறாள். கடையில் நாலு பேர் நின்று நச்சரிக்கும்போது அவளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து கண்ணாடி அறுத்தால் கை நடுங்காது.

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் தங்கை எனக்குப் படம் சொல்வது வழக்கமாகிவிட்டது. குகைச் சுவரில் யாரோ செம்மண் நிறத்தில் பதித்துவிட்டுப் போன கைகள்தான் இருப்பதிலேயே பழைய படம். எழுத்து இல்லாத காலத்தில் 'நான் இங்கே இருந்தேன்' என்று சொல்ல ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று எனக்கு எப்போதும் நெஞ்சு நிறையும். தங்கைக்கு நிறையவில்லை. "போன பொங்கலுக்குப் புதுசா பெயின்ட் அடிச்ச செவுத்துல என் பையன் இப்படித்தான் வெச்சான். வாங்கிக் கட்டிக்கினான்" என்றாள்.

சோழர் கால அம்மன் செப்புச்சிலையின் படத்தை மட்டும் அவள் கேலி செய்யவில்லை. நகை, பட்டு எதுவும் சாத்தாமல், மியூசியத்தில் தனியாக நிற்கும் அம்மன். வலது கை பூவைப் பிடித்திருப்பதுபோல மடங்கியிருக்கும், பூ இருக்காது. கோயிலில் அந்தக் கையில் எப்போதும் பூ இருக்கும், அதனால் கையைப் பார்த்ததே இல்லை நான். விரல் வளைவிலேயே பூ இருக்கிறது என்று இந்தப் படம்தான் எனக்குக் காட்டியது. தங்கை படத்துக்குக் கிட்டே போனாள். பிறகு, "பாவம்க்கா. யாரும் ஒரு முழம் பூகூட வெக்க மாட்டாங்களா அங்க?" என்றாள்.

கடைசிப் படம், தலையில் கட்டுப்போட்டுக் குளிர்த்தொப்பி அணிந்த ஒருவர் தன்னைத்தானே வரைந்துகொண்டது.

"இந்தாளுக்குப் பல்லு வலியா?"

"காதுடி. அவரே அறுத்துக்கிட்டாரு."

"எதுக்கு?"

"மனசு சரியில்ல."

"அப்படியிருந்தும் கண்ணாடி முன்னால ஒக்காந்து வரைஞ்சிருக்காரு பாரேன்" என்றாள். அதைத்தான் நானும் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டோடு கிடந்த எனக்கு அந்த மனிதர் அந்த வாரம் கூடப்பிறந்தவர்போல ஆகிவிட்டார். எத்தனையோ காலம், எத்தனையோ தேசம் தாண்டி என் அறைக்குள் வந்து எனக்குத் துணையிருந்த அத்தனை பேருக்கும் மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

இரண்டு வாரம் முடிந்து நிமிர்ந்து உட்கார அனுமதி கிடைத்தது. ஆனால் பார்வை வரவில்லை. கண்ணுக்குள் தண்ணீர்க்குடம் ஆடுவதுபோல வாயு தளும்பிக்கொண்டிருந்தது. அது தானாகக் கரைய வேண்டும், கரைந்த பிறகுதான் எவ்வளவு மிச்சம் என்று தெரியும் என்றார்கள். ஜன்னலைச் சாத்தி, கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, நேரத்துக்கு மருந்து ஊற்றி என்னைத் தூங்கவைப்பதே தங்கைக்கு வேலையாக இருந்தது. எப்படித் தெரியுது என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வாரங்கள் போயின. தளும்பல் சின்னக் குமிழாகி, ஒரு காலையில் விழித்தபோது அதுவும் இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே எதிர்ச்சுவரில் இருந்த பால்காரியைப் பார்த்தேன்.

நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

கண்ணை மூடித் திறந்தேன். இருந்தது. காதுக்கட்டுக்காரர் பக்கம் பார்வையைத் திருப்பினேன். புள்ளியும் கூடவே வந்தது. அம்மனைப் பார்த்தேன், அங்கேயும். முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"அடியே, சீக்கிரம் வாடி. ஆட்டோ கூப்புடு. புதுச்சேரி போவணும்."

காப்பி டம்ளரோடு ஓடி வந்தாள். "என்னக்கா ஆச்சு?"

"கண்ணுல செவப்பா புள்ளி தெரியுது. டாக்டர் சொன்னாருல்ல."

"எங்க தெரியுது?"

"பார்க்கற எடமெல்லாம்டி. பால்காரி நெத்தியில, காது கட்டுனவரு நெத்தியில, அம்மன் நெத்தியில."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்தக் கைங்க படத்துல?"

பார்த்தேன். "அதுலயும் இருக்கு. மேல, கண்ணாடி மூலையில."

"அதுக்கு நெத்தி இல்லல்ல, அதான் மூலையில வெச்சேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இறங்கியிருந்தது. "நேத்து ஆயுத பூஜைக்கா. மருந்து ஊத்துனதும் தூங்கிட்ட, எழுப்ப மனசு வரல. கடையில சுத்தியல், கண்ணாடி அறுக்கற பேனா எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். இதுங்களும் இத்தன நாளு நம்மகூடவே கெடந்துச்சுங்களேன்னு இதுங்களுக்கும் வெச்சுட்டேன்."

நான் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன். வலது கண் மட்டும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அறை முழுக்க இருக்கிறது. விரல் நுனியளவு பொட்டு. அப்படியே இருந்தது, ஓரம் கலையாமல். குங்குமத்தைச் சுற்றி மெல்லிசாக மஞ்சள்கூடத் தெரிந்தது.

"சந்தனம் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சுட்டியேடி" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். அத்தனை நாளும் அவள் ஏன் ஒருமுறைகூட என்னிடம் எப்படித் தெரியுது என்று கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.