பிடியரிசி

மருமகள் அரிசி களைகிறாள். அந்த மணம் என்னை இலங்கையில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு இழுத்துப்போகிறது.

எழுபதுகளின் பஞ்ச காலம். அப்போதும் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை டின்னில் போட்டு வைப்பார். ஞாயிறுதோறும் அதை நான் வேதக் கோவிலுக்குக் கொண்டுபோவேன், இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். வழியில் அள்ளி மென்றுகொண்டே போவேன்.

ஒருநாள் உபதேசியார் டின்னை ஆட்டிப் பார்த்தார். "என்னடா, வரவரக் கொறையுது?"

தொழிலாளர் லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் இருந்த லெட்சுமி என்னோடு வருவாள். இந்துப் பிள்ளை, வாசலில் நின்றே பிரசங்கம் கேட்பாள்.

"லெட்சுமிதாங்க ஐயா தின்னுச்சு."

"பிரசங்கம் கேக்க வந்தியா, அரிசி திங்க வந்தியா?" என்று யாரோ சிரித்தார்கள். அவள் என்னையே பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு நான் வசனங்களைப் பிழையின்றி ஒப்பித்துப் பரிசு வாங்கினேன். கூட்டம் கலைந்ததும் லெட்சுமி பாவாடை நுனியில் முடிந்திருந்த அரிசியை டின்னில் கொட்டினாள்.

"ஏது புள்ள இது?" என்றார் உபதேசியார்.

"எம் பங்க ஒலையில போட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேங்க. இல்லாதவங்களுக்குக் குடுக்கணும்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?"

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பரிசுப் புத்தகத்தை அணைத்தபடி நின்றேன். அந்த வருடமே அவள் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது.

இருவரும் கேட்டது ஒரே வசனம். அது என்னிடம் நாக்கோடு நின்றுவிட்டது.

மருமகள் களைந்த அரிசியை உலையில் போடப் போனாள். "எனக்கு ஒரு பிடி குறைச்சுப் போடும்மா."

"சுகருக்கா மாமா?"

"ஆமா" என்றேன்.