எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஒரு பிசிறு

இன்று காரை எடுக்கவில்லை. உடுமலையில் தேங்காய் எண்ணெயும் வீட்டுச் சாமானும் வாங்க, நானும் மனைவியும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் போனோம்.

மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சு இல்லை. காரில் என்றால் நான் ரோட்டைப் பார்ப்பேன், அவள் போனைப் பார்ப்பாள். பஸ்ஸில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது.

அவள் பனியன் கம்பெனியில் செக்கிங்; தைத்து வரும் துணியில் குறை பார்க்கிறவள். வீரபாண்டி தாண்டுவதற்குள் அவள் கை தானாக என் சட்டைக் காலருக்கு வந்தது. நீட்டிக்கொண்டிருந்த நூல் பிசிறை நகத்தால் கிள்ளினாள். அதோடு விடவில்லை.

"அந்தப் பக்கம் திரும்புங்க."

மூன்று நாளில் முதல் பேச்சு. உடனே திரும்பினேன். கை மடிப்பு, பட்டன், ஓரத் தையல் எல்லாவற்றையும் பார்த்தாள். டிக்கெட் போட வந்த கண்டக்டர் பொறுமையாக நின்றார்.

"செக்கிங்குங்களா? எங்க ஊட்லயும் இதேதானுங்க. அண்ணன் பாஸுங்களா, ரிஜெக்டுங்களா?"

"ஆல்ட்டர் பண்ணிக்கலாமுங்கண்ணா" என்று சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரமும் பஸ்தான். இன்னொரு சட்டையில் இப்போதே ஒரு நூலை இழுத்து விட்டிருக்கிறேன். இந்தப் பதிவைப் படித்துவிட்டு அவளிடம் போட்டுக் கொடுக்கிறவர்களுக்கு பிளாக் நிச்சயம்.