திறந்து கிடந்த வாக்குமூலங்கள்

இரண்டு கொம்பு முளைத்த அந்த வெள்ளைப் பெட்டியை நான்தான் சுவரில் பொருத்தினேன். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு மாடிக் கட்டடம். மேல்மாடியில் பல் வைத்தியர், கப்பல் முகவர், சட்டத்தரணி மூவரும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். அந்தப் பெட்டி தரும் கம்பியில்லாத இணையம் அப்போது ஊருக்குப் புதிது. மூன்று அறைகளுக்கும் ஒரே இணைப்பு, ஒரே கடவுச்சொல் கொடுத்தேன். மூவருக்கும் தேவை ஒன்றுதான் என்று நினைத்தேன்.

போர் மறுபடியும் மூண்டிருந்த காலம். காணாமல் போனவர்களின் மனைவிமாரும் தாய்மாரும் சொன்னவற்றைச் சட்டத்தரணி அக்கா எழுதித் தன் கணினியில் சேர்த்து வந்தார். யார் வந்து கூட்டிப்போனார்கள், எதில் ஏற்றினார்கள், கண்டவர் யார், அவர் வீடு எது என எல்லாம் அதில் இருந்தன.

மூன்று மாதம் கழித்துக் கப்பல் முகவரின் கணினியைத் திருத்தப் போனேன். அவர் தன் அறைக்கு வந்து போகிற எல்லோருக்கும் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார். ஒரே இணைப்பு என்பதால் அவருடைய திரையிலேயே அக்காவின் கோப்புகள் தெரிந்தன. ஒன்றைத் தொட்டேன். திறந்தது. ஒரு பெண்ணின் பெயரையும், அவளுடைய கணவனின் பெயரையும் வாசித்தேன். பல் வைத்தியரின் குறிப்பு வெளியே போனால் ஒருவருக்கு வெட்கம். முகவருடையது போனால் வியாபாரம் கெடும். இது போனால் உயிர் போகும். இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த எண்ணமும் வந்தது. ஆனாலும் அறைகளின் இணைப்புகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்ச் சொன்னேன்.

அக்கா பேனையைக் கீழே வைத்தார். "ஆரும் பாத்தவையோ?"

"அறிய ஏலாது அக்கா. இப்ப எல்லாத்தையும் அடைச்சிட்டன். இனிப் பயமில்லை."

"எங்களுக்குப் பயமில்லை. அவையளுக்கு? போய்ச் சொல்ல வேணும். நீங்களும் வாங்கோ."

ஏழு வீடுகள். மூன்று நாள் பகல் முழுவதும் நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் அக்கா பிழையைத் தன் பிழையாகவே சொன்னார், என்னைக் காட்டவில்லை. பிறகு ஒரே கேள்வி: வைத்திருக்கவா, அழிக்கவா? இரண்டு பேர் அழிக்கச் சொன்னார்கள். அச்சடித்த தாள்களை அவர்கள் கண் முன்னாலேயே அக்கா கிழித்தார்; கணினியில் இருந்ததையும் அன்றே அழித்தார். அவர்களில் ஒருத்தி, "உங்கள நம்பித்தானே சொன்னனான்" என்று கதவைச் சாத்தினாள். அக்கா அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

கடைசி வீடு அன்புவழிபுரத்தில். ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்து உறவினரோடு இருந்த பெண். நான் வாசித்தது அவளுடைய வாக்குமூலத்தைத்தான். அதற்கு மேல் என்னால் பேசாமல் நிற்க முடியவில்லை.

"பிழை என்ரதான் அம்மா. நான்தான் சரியாப் பூட்டாமல் விட்டனான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ர மனிசன்ர பேரை வாசிச்சனீங்களோ?"

"ஓம்."

"அழிக்க வேண்டாம்" என்று அக்காவிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "கூட்டிக்கொண்டு போனவங்களிட்டக் கேட்டா, அப்பிடி ஒரு ஆளே இல்லையெண்டு சொல்லுறாங்கள். நீங்கள் வாசிச்சிட்டீங்கள்தானே. மறந்திடாதேங்கோ."

மிஞ்சிய ஐந்து வாக்குமூலங்களையும் அக்கா நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அவளுடைய கணவர் இன்றுவரை திரும்பவில்லை. இணைப்புக் கேட்டு வருகிறவர்களிடம், எத்தனை கணினி என்பதற்கு முன்னால், இது திறந்து கிடந்தால் யாருக்கு என்ன நடக்கும் என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். பதில் சொல்லும்வரை நான் வேலையைத் தொடங்குவதில்லை.