கழுவிய குடுவை

மாரண்டஹள்ளியிலிருந்து தர்மபுரி வரும் பேருந்தில், சன்னலோரத்தில் நான், பக்கத்தில் ஊதிப் புடைத்த ஒரு லாரி டியூப். அதற்குள் இருந்தது சாண எரிவாயு. “மேடம், இதுக்கும் ஒரு டிக்கெட் போடட்டுங்களா?” என்று நடத்துநர் கேட்டார். எண்பதுகளின் நடுவில், தர்மபுரியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் நான் டியூட்டராக இருந்த காலம் அது. டியூப் எங்கள் அத்தாவின் டயர் கடையிலிருந்து வந்தது. வாயு, என் மாணவி ஒருத்தியின் தோட்டத்துக் கலனிலிருந்து. முன் இருக்கையில் யாராவது பீடியைப் பற்ற வைத்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இளரத்தம் என்பார்களே, அதேதான்.

சாண வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அடுப்பில் எரிப்பதற்கு மேல் அதைக்கொண்டு எதுவும் செய்ய யாருக்கும் தெரியாது. அதையே மெத்தனால் என்ற திரவமாக்கிவிட்டால் கேனில் ஊற்றி எங்கும் கொண்டுபோகலாம், எஞ்சினில்கூட எரிக்கலாம். மீத்தேனோ லேசில் எதனோடும் சேராது. சூட்டைக் கூட்டினால் ஒரேயடியாக எரிந்து போய்விடும். இரண்டுக்கும் நடுவே அதை நிறுத்த வேண்டும். ஜியோலைட் என்று, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த ஒரு கல் உண்டு. அதை மயில்துத்தக் கரைசலில் ஊறவைத்துச் செம்பை ஏற்றி, காற்றில் நன்றாகச் சுட்டு, பிறகு கொஞ்சம் ஆறவிட்டுக் குறைந்த சூட்டில் மீத்தேனை விட்டால் துளைகளுக்குள் மெத்தனால் உண்டாகி ஒட்டிக்கொள்ளும். நீராவியை விட்டு அதை வெளியே கழுவி எடுத்துவிடலாம் என்பது என் யோசனை. பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் எனக்கு முனைவர் பட்டத்துக்குப் பதிவு கிடைக்கும். கிடைக்காவிட்டால் காலமெல்லாம் டியூட்டர்தான். அவ்வளவுதான் என் கணக்கு, அதற்காக எட்டு மாதம் உழைத்தேன்.

அந்த எட்டு மாதமும் கூட இருந்தவர் எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர். என் வயதுதான். மொரப்பூரிலிருந்து ரயிலில் வந்து போவார். வாயுவிலுள்ள அழுகிய முட்டை நாற்றத்தை எடுக்கத் துருப்பிடித்த இரும்புத் தூளைப் பட்டறை பட்டறையாக அலைந்து வாங்கி வந்தவர் அவர்தான். வீட்டிலிருந்து கொண்டுவரும் களி உருண்டையில் பாதியைப் பிட்டு எனக்கு வைப்பார். அவரை நான் என் கூடப் பிறந்தவரைப்போல நம்பினேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கழுவிய குடுவை சீக்கிரம் காய வேண்டுமென்றால் ஸ்பிரிட் என்று நாங்கள் சொல்லும் மெத்தனாலைக் கொஞ்சம் ஊற்றி ஓர் அலசு அலசுவார்கள். எல்லோரும் செய்வதுதான். ஆனால் மெத்தனாலைத் தேடும் குடுவையை மெத்தனாலால் கழுவலாமா? என் குடுவைகளைத் தண்ணீரில் மட்டும் கழுவி மின் அடுப்பில் உலர்த்த வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். “சரிங்க மேடம்” என்றார்.

எட்டாவது மாதம், மின்வெட்டு மிகுந்த ஒரு வாரத்தில், சோதனைத் திரவம் ஊதா நிறமானது. மெத்தனால் இருந்தால்தான் அந்த நிறம் வரும். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அடர் ஊதா. அன்று நான் அழுதேன், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போட்டுவிட்டேன். வாயு விடாமல் செய்யும் வெற்றுச் சோதனையை முதல் மாதத்தோடு நிறுத்தியிருந்தேன். அது என் பிழை, மறுக்கவில்லை.

வந்த பெரியவர்கள் முதலில் கேட்டதே வெற்றுச் சோதனையைத்தான். செய்தேன். ஊதா நிறம் வந்தது. “ஏம்மா, கேஸே விடல, ஆல்கஹால் மட்டும் எங்கிருந்து வருது?” என்றார் ஒருவர். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. டெமான்ஸ்ட்ரேட்டர் பக்கம் திரும்பி, “நீங்க ஸ்பிரிட் விட்டு அலசுனீங்களா?” என்று கேட்டேன்.

“நான் எதையும் தொடலீங்க. குடுவையெல்லாம் மேடம்தாங்க கழுவுவாங்க” என்றார்.

மின்சாரம் இல்லை, அடுப்பு சூடாகவில்லை, அதனால் அலசினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கழுவிவிட்டு மறுபடி செய்திருப்போம். பெரியவர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். கல்லூரி முதல்வர் ஆய்வறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கி, எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லி டெமான்ஸ்ட்ரேட்டரிடமே கொடுத்தார். அந்த ஆண்டோடு கல்லூரியை விட்டேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றேன். வெற்றுச் சோதனைப் பாடம் வரும்போதெல்லாம் என் கதையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். எதுவுமே உண்டாகாத இடத்தில் எட்டு மாதம் தேடிய மடைச்சி என்று என்னையே சொல்லிச் சிரிக்க வைப்பேன்.

போன தை மாதம் அந்த டெமான்ஸ்ட்ரேட்டர் தன் மகளின் திருமணப் பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வெளிநாடுகளில் இப்போது செம்பேற்றிய ஜியோலைட்டை வைத்து மீத்தேனை மெத்தனாலாக்குகிறார்கள் என்று மகள் போனில் காட்டினாளாம். “நீங்க அன்னிக்கே சரியாத்தான் போயிருக்கீங்க மேடம்” என்றார். பிறகு எனக்கு நல்ல சேதி சொல்வதுபோலவே அடுத்ததையும் சொன்னார்.

“கழட்டறதுக்கு முன்னால, அவங்க வந்துட்டுப் போன மறுநாள் நானே ஒருக்கா செஞ்சு பார்த்தேங்க. கேஸ் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. குடுவையெல்லாம் தண்ணியில கழுவி அடுப்புல காய வெச்சுத்தான் செஞ்சேன். கேஸ் விடாததுல நெறமே வரல. கேஸ் விட்டதுல லேசா ஊதா வந்துச்சுங்க. ரெண்டு தடவ பார்த்தேன்.”

“எங்கிட்ட ஏங்க சொல்லல?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் பத்திரிகையில் மஞ்சள் தடவிய மூலையை விரலால் நீவிக்கொண்டே சொன்னார்: “சொன்னா, அதுக்கு முன்னால ஸ்பிரிட்ல அலசுனது நாந்தான்னு தெரிஞ்சிருமேங்க.”