நிற்காத படம்

ஆயர் தாவாருக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் மின்சாரம் என்பது மேனேஜர் மனம் வைத்தால் வருவது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மின்சாரம் தரும் இஞ்சின் ஓடும். டிவியில் தமிழ்ப்படம் பாதியைத் தாண்டி, கதாநாயகி அழத் தொடங்கும் நேரம் பார்த்து இஞ்சின் நின்றுவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில், வரிசை வீடுகள் கொண்ட எங்கள் லயத்தில் டிவி இருந்தது எங்கள் வீட்டில்தான். அவள் அழுவதைப் பார்க்க லயமே வந்து உட்கார்ந்திருக்கும்.

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் இருக்க முடியுமா? அம்மா கலக்குவாள், கோப்பைகளைக் கழுவுவாள், மறுபடி கலக்குவாள். மற்ற ஆறு நாளும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டுகிறவள். அவள் பகலில் கண்ணை மூட வாய்த்தது அந்த ஒரு பிற்பகல்தான். படம் நின்று கூட்டம் கலைந்ததும் பாயை விரித்துச் சாய்ந்துவிடுவாள். படம் நின்ற துக்கத்தில் படுக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். இன்று வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் எழ மனம் வராத வயது எனக்கு. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சித்தப்பா ஈப்போவில் ஒரு ரேடியோ கடையில் கொஞ்ச காலம் வேலை செய்தவர். கை சும்மா இருக்காது. படம் நிற்பதைப் பொறுக்காமல் ஒரு பெட்டி செய்தார். இஞ்சின் ஓடும்போது பழைய லாரி பேட்டரியில் மின்சாரம் ஏறும். நின்றதும் பேட்டரி டிவியை ஓட்டும். பெட்டிக்குள் மூன்று கால் வைத்த கறுப்புத் துண்டு ஒன்று இருந்தது. அதற்கு ரெகுலேட்டர் என்று பேர். பேட்டரிக்கு மின்சாரத்தை அளந்து விடுவது அதன் வேலையாம். இஞ்சின் மின்சாரம் வருகிறது என்று காட்ட மேலே ஒரு சிவப்பு பல்பு.

முதல் ஞாயிறு இஞ்சின் நின்றது, படம் நிற்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் கருகிய வாடை அடித்தது. அப்பா பாய்ந்து வயரைப் பிடுங்கினார்.

"வீட்டக் கொளுத்திருவ போலருக்கு! போதும்லா!"

ரெகுலேட்டர் பொசுங்கிய பிறகு அன்று டிவியைத் தொடவே அப்பா விடவில்லை. கூட்டம் போனது. அம்மா பாயை விரித்தாள்.

அடுத்தடுத்த வாரங்களிலும் இதே கூத்து. சித்தப்பா புது ரெகுலேட்டர் போடுவார், இஞ்சின் நிற்கும், அது செத்துப்போகும். சூடு தணிய அலுமினியத் தகடு வைத்துப் பார்த்தார், அதற்கும் மசியவில்லை. ஒருநாள் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு போன அம்மா அலுப்போடு நின்று கேட்டாள்.

"தம்பி, இஞ்சின்தான் நின்னுபோச்சே, இந்தச் செவப்பு பல்பு மட்டும் எப்படி எரியுது?"

சித்தப்பா துள்ளி எழுந்தார்.

"அண்ணி! பேட்டரி கரண்டு திரும்பிப் போகுது அண்ணி! முன்னால ஒண்ணும் இல்லன்னதும் பின்னால ஏறி ரெகுலேட்டரச் சாகடிக்குது!"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதைத்தான் அம்மா செய்திருந்தாள். மறுநாளே சித்தப்பா ஈப்போவுக்கு பஸ் ஏறி ஒரு டயோடு வாங்கி வந்தார். நெல்மணி அளவுதான் இருக்கும். மின்சாரத்தைப் பேட்டரிக்குப் போக விடும், திரும்பி வர விடாது. அதை ரெகுலேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவில் பற்றவைத்தார்.

அந்த ஞாயிறு இஞ்சின் நின்றது. சிவப்பு பல்பு அணைந்தது. வாடை இல்லை, புகை இல்லை. கதாநாயகி அழுது முடித்து, கல்யாணமும் ஆகி, வணக்கம் போட்டார்கள்.

"எல்லாம் எங்க அண்ணி கண்டுபிடிச்சது!" என்று சித்தப்பா ஊருக்கே சொன்னார்.

"அக்கா, அடுத்த வாரம் நாங்கதான் மொத ஆளு லா!" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் விடைபெற்றார்கள். அம்மா எல்லாருக்கும் சிரித்தாள். கடைசி ஆள் போனபோது இரவுச் சமையலுக்கு உலை வைக்கும் நேரமாகிவிட்டிருந்தது. நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"இனிமே எந்த வாரமும் படம் நிக்காதும்மா!"

அம்மா, சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தபடி நின்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவள்மேல் பாவமாகிவிட்டது.

"அழாதம்மா," என்று ஆறுதல் சொன்னேன். "அதான் அவங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சே."