கைக்கு மேலே போனால் கோல் இல்லை

என்னைப் பற்றிப் பத்திரிகையில் 'பிறவிக் கோல்கீப்பர்' என்று எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கிளப்பில் சம்பளம் வாங்கி விளையாடத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது, அதற்குள் பிறவியாம். நான் கோல்கீப்பர் ஆனதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் தெருவில் நான் குள்ளம்.

தேங்காய்ப்பட்டணத்தை அடுத்த எங்கள் கடற்கரையில் கோல் என்றால் மணலில் ஊன்றிய இரண்டு கழி. மேலே கம்பி கிடையாது. அப்படியானால் உயரத்தில் போன பந்து கோலா, இல்லையா? அதற்கு ஊரில் ஒரு சட்டம் உண்டு. கோல்கீப்பர் நின்ற இடத்தில் நின்று கையைத் தூக்க வேண்டும். விரல் நுனிக்குக் கீழே போனால் கோல், மேலே போனால் அவுட். ஆக, கோல்கீப்பர் எவ்வளவு குள்ளமோ கோலும் அவ்வளவு சின்னது. மீசை வைத்த ஆண்கள் ஆடுகிற ஆட்டத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கோலில் நிறுத்தியது இதற்காகத்தான்.

நிறுத்தியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அப்பா வளைகுடாவில் இருந்ததால் மாமா எங்கள் வீட்டிலேயே இருந்தார். எங்கள் தெரு அணிக்கு அவர்தான் கேப்டன். தோற்ற அன்று வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். என்னிடம் அவர் சொல்லி வைத்திருந்த கதையே வேறு. "மக்கா, உனக்க கையில காந்தம் இருக்கு" என்பார். நானும் நம்பினேன். அம்மா என் தட்டில் இரண்டாவது முட்டையை வைக்கும்போது மாமாவின் முகம் வாடும். பாவம், ஆசைப்படுகிறார் என்று பாதியைப் பிட்டு அவருக்குக் கொடுத்திருக்கிறேன். நான் வளர்ந்துவிடுவேனோ என்று பயந்த அந்த மனிதர், வெட்கமே இல்லாமல் அதை வாங்கித் தின்றிருக்கிறார்.

கோடை விடுமுறையில் நாகர்கோவிலில் மாவட்டச் சிறுமியர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். எடுபட்டால் விளையாட்டு விடுதியில் சேரலாம், நல்ல பூட்ஸ் கிடைக்கும், ரயிலில் வெளியூர் போகலாம். எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. யாராலும் கோல் போட முடியாத பிள்ளை என்று பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சர் என் பெயரைக் கொடுத்திருந்தார். மாமா அன்று கடலுக்குப் போகாமல் என்னை அழைத்துக்கொண்டு வந்தார். வடசேரியில் பஸ் இறங்கி மைதானம் போய்ச் சேரும்வரை, காந்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அந்தக் கோலுக்கு மேலே கம்பி இருந்தது. அதை நான் பார்க்காமல் இல்லை. டிவியில் எத்தனை ஆட்டம் பார்த்திருக்கிறேன். ஆனால் முதல் பந்து உயர்ந்து வந்ததும் என் கை தானாக மேலே போனது, கால் தரையை விட்டு எழும்பவில்லை. பந்து விரலுக்கு ஒரு முழம் மேலே பறந்து, கம்பிக்குக் கீழே வலையில் விழுந்தது. விசில் ஊதியவர் கோல் என்றார். எனக்கு வந்ததே கோபம். கையைத் தூக்கியபடியே அவரிடம் போய் நின்றேன்.

"கைக்கு மேல போச்சு சார். அவுட்டு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது சிரித்தார். பிறகு மைதானமே சிரித்தது. அடுத்து வந்த பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, எல்லோரும் உயரத்திலேயே அடித்தார்கள். ஐந்து பந்தில் ஐந்து கோல். ஐந்துக்கும் நான் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றேன். என் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

அழுதுகொண்டே திரும்பினால் மாமாவைக் காணவில்லை. ஓரத்துக் கோலின் அடியில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்றிருந்தார். என் பையைக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்து, மேல்கம்பியிலிருந்து தரைவரை தொங்கவிட்டு, அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நான் பட்ட மானக்கேடு போதாதா? இவருக்கு இந்த நேரத்தில் கயிறுதான் கேடா?

பஸ்ஸில் அவர் முழங்கை என் மேல் படாமல் நகர்ந்து உட்கார்ந்தேன். பாதி வழியில் கேட்டேன்.

"நான் குள்ளம்னுதானே கோல்ல நிறுத்துனிய?"

கயிற்றை விரலில் சுற்றியபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா மக்கா" என்றார்.

அன்று வீட்டில் தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். லஞ்சம் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். அம்மா அதட்டித் தின்ன வைத்தாள்.

அடுத்த வாரம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. படகெல்லாம் கரையில். இரண்டு மாதமும் சாயங்காலம் ஆட்டம்தான். முதல் நாளே மாமா நீளமான கழி இரண்டைக் கொண்டுவந்து ஊன்றினார். அந்த முடிச்சை வைத்து உயரம் அளந்து, வலைக்கயிறு ஒன்றைக் குறுக்கே இழுத்துக் கட்டினார். இதற்குக் கீழே எது போனாலும் கோல் என்றார். எதிர் அணி கைதட்டி ஒத்துக்கொண்டது. ஏன் ஒத்துக்கொள்ளாது? கயிறு என் கோலுக்கு மட்டும்தான். அந்தப் பக்கம் என்னைவிடக் குள்ளமான ஒரு பொடியன், பழைய சட்டப்படி, கையைத் தூக்கிக்கொண்டு ராஜாவாக நின்றான்.

இடைவேளையில் பக்கம் மாறினால் கழியும் கயிறும் என் பின்னாலேயே வந்தன. மாமாவே பிடுங்கி வந்து ஊன்றுவார். அநியாயம் என்றால் இப்படியுமா? ஏழு கோல், எட்டு கோல் என்று வாங்கினேன். குதித்துக் குதித்து மணலில் முகம் குப்புற விழுந்தேன். எங்கள் ஆட்களே அவரைக் கேட்கக் கூசும் வார்த்தையால் திட்டினார்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எதிர் அணிக்கே போனார்கள்.

"எனக்கு மட்டும் எதுக்கு மாமா கயிறு?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"பந்தைப் பாருட்டி" என்றார்.

தடைக்காலம் முடிகிற வாரத்தில் ஒரு பந்து கயிற்றை உரசுகிற மாதிரி வந்தது. குதித்தேன். நடுவிரல் நுனியில் பட்டு, கயிற்றுக்கு மேலே போய்க் கடலில் விழுந்தது. எழுந்து மாமாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரு தலையசைப்பு? அவர் பந்தை எடுக்கக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தார். அன்றும் நாங்கள் தோற்றோம், ஆறுக்கு ஒன்று.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதேன். மாமாவுக்குக் கொஞ்சம்கூட இரக்கம் இல்லை, ஊரே பார்க்க என்னை வதைக்கிறார், இனி அவர் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றேன். அழுதபடியே, தினமும் போல அவர் என் தட்டில் வைத்திருந்த முட்டையையும் தின்றேன். தோற்றால் முகம் கொடுத்துப் பேசாத அந்த மனிதர், அந்த இரண்டு மாதத்தில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.