பிரீமேசன் கதவு திறந்த சாயங்காலம்

ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்குக் கும்பகோணத்தில் பஸ் ஏறினேன். தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர். பாபநாசம் தாண்டியதும் இருபுறமும் சம்பா நட்ட வயல்கள். வாய்க்காலில் தண்ணீர் கரை முட்டப் போனது. வேறொரு நாளென்றால் வேடிக்கை பார்த்திருப்பேன். அன்று மனசு சரியில்லை. வெளியாட்களை உள்ளே விடாத பிரீமேசன் சங்கத்தில் சடங்குகளுக்கு ஆர்கன் வாசிப்பவன் நான். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்த தஞ்சைக் கிளையின் ஆர்கனிஸ்ட் செல்வராஜ் போன மாதம் இறந்துவிட்டார். அங்கே புதிய மாஸ்டர், அதாவது கிளைத் தலைவர், பதவியேற்கும் நாளில் அவர் இடத்தில் வாசிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். இடத்தைச் சொன்னதும் டிரைவர் திரும்பினார்.

“அந்தப் பூட்டுன பங்களாவா சார்? உள்ள என்னதான் பண்றீங்க?”

“நான் பொட்டி வாசிப்பேன்.”

“அவ்வளவுதானா?” அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

மூன்று மணிக்குப் போய் இறங்கியபோது பங்களா வராந்தாவில் செல்வராஜின் மனைவி வசந்தா அம்மா உட்கார்ந்திருந்தார்.

“மாசத்துல ஒரு சாயங்காலம் என்னைய விட்டுட்டு இங்க வந்துடுவாரு, தம்பி. அப்படி என்னதான் வாசிச்சாருன்னு ஒருதடவ கேட்டுட்டுப் போயிடுறேன். கதவக் கொஞ்சம் தெறந்து வைக்கச் சொல்லுங்களேன்.”

அது நடக்காத காரியம். கூட்டம் நடக்கும்போது உறுப்பினர் தவிர யாருக்கும் அனுமதியில்லை. எங்கள் சங்கத்தில் பெண்கள் உறுப்பினராகவும் முடியாது. சாத்திய கதவுக்கு வெளியே டைலர் என்கிற காவல் அதிகாரி உருவிய வாளோடு நிற்பார். அன்றைய டைலரும் தலையைக் குனிந்துகொண்டார். நான் உள்ளே போனேன்.

கிழக்கே மாஸ்டர், மேற்கே சீனியர் வார்டன், தெற்கே ஜூனியர் வார்டன் என்று அவருக்கு அடுத்த இரண்டு அதிகாரிகள். அவரவர் கழுத்துப் பட்டையில் அவரவர் பதவிச் சின்னம். என் பட்டையில் யாழ். செல்வராஜ் அணிந்த அதே பட்டை. வெளியே அந்த அம்மா உட்கார்ந்திருக்க, அதைப் போட்டுக்கொண்டு வாசிப்பது கேவலமாக இருந்தது.

பதவியேற்பு முடிந்ததும் புது மாஸ்டரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஜூனியர் வார்டனுக்குத் தலையசைத்தார். கூட்டத்தை முடிக்காமலே நடுவில் ஓய்வு விட எங்கள் முறையில் இடமுண்டு. அதை அறிவிப்பது ஜூனியர் வார்டன் வேலை. டீ குடிக்கத்தான் வழக்கமாக விடுவோம். ஓய்வுக்கு அடையாளமாக, ஜூனியர் வார்டன் தன் மேஜைமேல் படுத்திருந்த சின்ன மரத்தூணை நிமிர்த்தி வைத்தார். டைலர் வாளை உறையில் போட்டுவிட்டுக் கதவை விரியத் திறந்தார்.

வசந்தா அம்மா வந்து என் பக்கத்தில் உட்காரும்வரை சபை முழுக்க எழுந்து நின்றது. அதிகாரிகள் ஊர்வலமாக வரும்போது செல்வராஜ் வாசிக்கும் மெட்டை, அவர் சொல்லித்தந்த நிதானத்திலேயே வாசித்தேன்.

“இவ்வளவு மெதுவாவா வாசிப்பாரு?”

“வயசானவங்க நடந்து வரணும்ல, அம்மா. கடைசி ஆள் உக்கார்ற வரைக்கும் இழுத்து வாசிப்பாரு.”

அவர் ஆர்கனையே பார்த்தார். “என்கூட தெருவுல நடந்தா பத்தடி முன்னால போயிடுவாரு, தம்பி. ஒருநாளும் நின்னதில்ல.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இங்கயாச்சும் நின்னாரே. இன்னொருதடவ வாசிங்க.”

வாசித்தேன். கண்ணீர் மறைத்ததில் இரண்டு இடத்தில் விரல் தப்பியது.

ஆறு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெண்ணாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மனைவிக்கு போன் செய்தேன்.

“வீட்டுக்கு வந்ததும் பொட்டியில கொஞ்சம் வாசிக்கவா? உக்காந்து கேக்குறியா?”

 

“கல்யாணம் ஆன நாள்லேருந்து இன்னைக்குத்தான் என்னைய கேட்டிருக்கீங்க,” என்றாள். “வாங்க.”